ஜப்பானில் ஆள் வேண்டுமாம்

ஜப்பானுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, டோக்கியோவில் வாடகைக்கு ரூம் கிடைக்கவில்லை என்று பதிவு போட்டிருந்தான். அதற்குக் கீழே நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "ரூல் தெரியாமல் வந்துவிட்டு அழாதீர்கள்" என்று ஓர் அண்ணன் திருவாய் மலர்ந்தார். நூற்றுச் சொச்சம் லைக். அண்ணன் டோக்கியோவில் சொந்த வீடு வாங்கி, ஜப்பானிய பாஸ்போர்ட்டுக்கும் மாறிக்கொண்டு செட்டில் ஆனவர். நன்றாக இருக்கட்டும்.

தம்பி என்ன அரண்மனையா கேட்டான்? டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் மாதம் 80,000 யென்னுக்கு ஒற்றை ரூம். வேலை இருக்கிறது, விசா இருக்கிறது, பணமும் இருக்கிறது. வாடகை பாக்கி விழுந்தால் ஓனருக்குக் கட்டும் உத்தரவாத கம்பெனிக்குப் பாதி மாத வாடகை கட்டவும் தயார். அதாவது தனக்கு ஜாமீன் நிற்கத் தானே காசு கொடுக்கிறான். அதற்குப் பிறகும் அவசரத் தொடர்புக்கு ஒரு ஜப்பானியர் பெயர் வேண்டுமாம். வந்து இரண்டு மாதம் ஆனவனுக்கு இந்த ஊரில் ஆள் எங்கிருந்து முளைக்கும்?

இதில் ரூல் எங்கே இருக்கிறது அண்ணே? ஜப்பான் நீதி அமைச்சகமே 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் 41.2 சதவீதம் பேர் ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லை என்று மறுக்கப்பட்டிருக்கிறார்கள். 39.3 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே. இத்தனை பேருக்குமா ரூல் தெரியவில்லை?

2014இல் நானும் அலைந்தேன். புரோக்கர் என் எதிரிலேயே ஓனருக்குப் போன் போடுவார். "இந்தியர்தான், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்" என்பார். அந்த 'ஆனால்' இன்னும் காதில் நிற்கிறது. அப்புறம் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டு, "ச்சொத்தோ..." என்பார். 'கொஞ்சம்...' என்று அர்த்தம்; இழுத்துச் சொன்னால் 'முடியாது'. சொத்தா கேட்டேன்? வாடகைக்குத்தானே கேட்டேன்!

கடைசியில் ஜாமீன் நிற்கச் சொல்லி என் மேனேஜர் காலில் விழாத குறை. கையெழுத்துக்குப் பதில் குத்தும் தன் முத்திரையும், அது அவருடையதுதான் என்ற சான்றிதழுமாக வந்தார். சிவப்பு மையில் முத்திரையைத் தொட்டு, குத்தி, அதை டிஷ்யூவில் துடைத்து டப்பாவுக்குள் வைக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனிதர். அடுத்த இரண்டு வருடம் அவருடைய எல்லா ஜோக்குக்கும் சிரித்தேன்.

வாடகை பாக்கி வைத்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடியவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். அதற்குத்தானே அந்தக் கம்பெனி?

அரசு சார்ந்த யுஆர் நிறுவனத்தின் வாடகை வீட்டுக்கு ஜாமீனே வேண்டாமே என்பீர்கள். உண்மை, ஓனருக்குக் கொடுத்தால் திரும்பி வராத நன்கொடைப் பணமும் கிடையாது. ஆனால் வாடகைக்கு ஏற்ற மாதிரி குறைந்தபட்சச் சம்பளம் காட்டவேண்டும். புதுசாக வந்த பையனுக்கு எவன் அவ்வளவு தருகிறான்?

"சென்னையில் மட்டும் என்ன வாழுதாம்?" இதையும் நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரியும் சார். தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு வந்த ஒரு புதுத் தம்பதியிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று அப்பா கேட்டபோது காபி டம்ளரோடு நின்றவன் நான். அந்தப் பெண் பாதி காபியைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அதற்காகத் தம்பி தெருவில் நிற்கவேண்டுமா?

நேற்று ராத்திரி தம்பியின் புரோக்கரிடம் அவசரத் தொடர்புக்கு என் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேல் வரி கட்டுகிறேன் என்றேன். ச்சொத்தோ. ஜப்பானியர்தான் வேண்டுமாம். நானும் ஆள் இல்லை.

அண்ணே, உங்களிடம்தான் அந்தப் பாஸ்போர்ட் இருக்கிறதே. தம்பிக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுங்களேன். அந்தக் கமெண்ட் எழுதிய நேரம்கூட ஆகாது.