மிட்டோமா ரீல்ஸ் ஷேர் பண்றவங்க கவனத்துக்கு

ஜப்பான் ஃபுட்பால் பிளேயர் மிட்டோமாவ "டிரிப்ளிங்ல (பந்த கால்லயே வெச்சுக்கிட்டு எதிராளியத் தாண்டி ஓடுறது) பிஎச்டி வாங்குன ஒரே பிளேயர்"னு மாஸ் பிஜிஎம் போட்டு ஒரு ரீல் சுத்திக்கிட்டே இருக்கு, தயவுசெஞ்சு யாராவது நிறுத்துங்கப்பா. கவுரு மிட்டோமா பிஎச்டி எல்லாம் பண்ணல. ஜப்பான் கிளப் கவாசாகி ஃப்ரொண்டாலேவோட யூத் டீம்ல வளந்த பையன், சீனியர் டீம்ல சேர கூப்பிட்டப்ப நான் இன்னும் அதுக்கு ரெடியாகலன்னு சொல்லிட்டு சுகுபா யுனிவர்சிட்டில டிகிரி படிக்கப் போயிட்டார். அங்க டிகிரிக்காக டிரிப்ளிங் பத்தி எழுதுன தீசிஸத்தான் ரீல்ல பிஎச்டி ஆக்கிட்டாங்க. கூட ஆடுறவங்க தலைல கேமராவ மாட்டி, பந்து வர்றப்ப யாரு எங்க பாக்குறாங்கன்னு பாத்திருக்கார், நல்லா ஆடுறவன் பந்தையே குனிஞ்சு பாத்துட்டு இருக்குறதில்ல, நிமிந்து எதிராளியப் பாக்குறான்னு தெரிஞ்சிருக்கு. 18 வயசுல ப்ரோ காண்ட்ராக்ட வேணாம்னு சொன்னதே செம கதை, அதுக்கு மேல எதுக்குங்க டாக்டர் பட்டம்?

எனக்கு இதுல இன்னொரு கடுப்பும் இருக்கு. ரீல்ஸ் முழுக்க டிரிப்ளிங்தான், ஆனா ஜப்பான்ல ஆளாளுக்கு அவர் பேர சொல்றது டிரிப்ளிங்கே இல்லாம பந்த கால்ல தொட்ட ஒரே ஒரு டச்சுக்காக. 2022 வேர்ல்ட் கப், ஸ்பெயின் மேட்ச், நம்ம ஊர்ல நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பிச்சுது. ஸ்கோர் 1-1. ஜப்பானோட டோவான் கோலுக்கு முன்னாடி குறுக்க அடிச்ச கிராஸ் எல்லாரையும் தாண்டி கோல் லைனுக்கு வெளியப் போகுது, முடிஞ்சு போன பந்து அது, மனுஷன் விடாம ஓடி சறுக்கி இழுத்து உள்ள போடுறார், கூட ஆடுன ஆவோ தனகா கோல். வெளியப் போயிடுச்சுன்னு ஸ்பெயின் கத்துது, விஏஆர்ல (வீடியோ ரெஃப்ரி) பாத்துப் பாத்து கடைசில கோல்னு குடுத்தாங்க, பந்து முழுசா லைனத் தாண்டுனாதான அவுட், மேல இருந்து எடுத்த போட்டோல நூலளவு உள்ளதான் இருந்துச்சு. "மிட்டோமாவோட 1 மில்லிமீட்டர்"னு அங்க பேரே வெச்சுட்டாங்க.

அந்த நூலளவோட கணக்கப் பாருங்க. மேட்ச் 1-1ல முடிஞ்சிருந்தா ஜப்பானுக்கும் 4 பாயிண்ட், அதே குரூப்ல இருந்த ஜெர்மனிக்கும் 4, கோல் டிஃபரன்ஸ்ல ஜெர்மனி மேலப் போயிருக்கும், ஜப்பான் வீட்டுக்கு. நடந்தது தலைகீழ், ஜப்பான் குரூப்ல ஃபர்ஸ்ட், ஜெர்மனி ஃபிளைட் ஏறிடுச்சு. இதுல எந்த ஸ்கில்ல எடிட் பண்ணி ஸ்லோமோல போடுவீங்க? ஓடுனார், அவ்ளோதான். அதனாலயே இந்த கிளிப் மத்ததவிட கம்மியா வருதுன்னு நினைக்கிறேன்.

சரி, ஸ்கில்தான் வேணும்னா 2025 பிப்ரவரில செல்சிக்கு எதிரா போட்ட கோல பாருங்க, மிட்டோமா ஆடுன இங்கிலாந்து கிளப் பிரைட்டனோட கோல்கீப்பர் வெர்ப்ருக்கன் தன் பாக்ஸ்ல இருந்து உதைச்ச பந்து வானத்துல இருந்து விழுது, ஒரே டச்ல கால்ல ஒட்டிக்கிச்சு, டிஃபெண்டர உள்பக்கமா ஏமாத்தி கீழ் மூலைல போட்டுட்டார். அந்த முதல் டச்ச நான் திருப்பித் திருப்பிப் பாத்து போன் சார்ஜே போச்சு. லிவர்பூல எஃப்ஏ கப்ல இருந்து வெளிய தள்ளுன 2023 ஜனவரி கோலும் இதே ரகம், அதுவும் இஞ்சுரி டைம்ல.

பிரைட்டன் அவர 2021ல வாங்கிட்டு ஒரு சீசன் பெல்ஜியத்துல யூனியன் செயிண்ட் கில்வாஸுக்கு லோன்ல அனுப்பி வெச்சிருந்தாங்க, அந்த சீசன் கிளிப்ஸ ஒருத்தரும் போட மாட்டேங்கிறீங்க. யார்கிட்டயாவது நல்ல குவாலிட்டில இருந்தா கமெண்ட்ல லிங்க் போடுங்க, பிஜிஎம் இல்லாம.