காரணம் எழுதப்படாத முடிவுகள்

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்று படித்தவர்களே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்பதே அதன் பொருள் என்று 1961இலேயே கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகள் கழியும் முன் விடுவிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 1978இல் சட்டத்தில் சேர்ந்தது. 14 ஆண்டுகள் முடிந்தால் கைதியின் பெயர் பரிசீலனைக்கு வரும், அவ்வளவுதான். பரோல் என்பது வேறு. சில நாள் விடுப்பில் வீட்டுக்குப் போய்விட்டுச் சிறைக்குத் திரும்புவது.

என் கவலை அந்தப் பரிசீலனை நடக்கும் விதம் பற்றியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் உள்ளிட்ட ஏழு பேரை விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வைத்திருந்துவிட்டுக் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், முழுமையான நீதி வழங்கத் தனக்கு அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது. அந்த விடுதலை சரியா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், மறுப்பென்றால் அதை எதிர்த்து வழக்காடலாம். மௌனத்தை எதிர்த்து ஒரு கைதி என்ன வாதாடுவார்?

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த கூட்டு வன்கொடுமை, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகளைக் குஜராத் அரசு வெளியே விட்டது. அங்கே தாமதம் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வழக்கு விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில் என்பதால் முடிவெடுக்கும் அதிகாரமே குஜராத்துக்கு இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

நம் ஊர் வழக்கம் இன்னொரு வகை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழு ஆண்டுகள் சிறையில் கழித்திருந்த ஆயுள் கைதிகள் 1,405 பேர், 14 ஆண்டுக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத ஆளுநரின் அரசமைப்பு அதிகாரத்தின்கீழ் ஒரே நேரத்தில் விடுதலையானார்கள். அவர்கள் வெளியே வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தலைவர்களின் பிறந்தநாளை நம்பிக் காத்திருப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது? (திருவிழாவில் பிரசாதம் கொடுப்பதுபோல என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள்.)

கைதி மனு போடாவிட்டாலும், தகுதி பெற்றவரின் கோப்பை அரசே எடுத்துப் பரிசீலித்துக் காரணத்துடன் முடிவெடுக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தக் காரணம், ‘ஊருக்குள் வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும் ஒற்றை வரியாக இருக்கக் கூடாது. உள்ளே அவர் என்ன படித்தார், என்ன வேலை செய்தார், விடுப்பில் போனபோது சொன்ன நாளில் திரும்பினாரா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதன் நகல் கைதிக்கு மட்டுமல்லாமல், கொலையுண்டவரின் வீட்டுக்கும் போக வேண்டும்.