நீ நடக்கத்தானே செய்தாய்!

(ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம். அக்கா, தம்பி இருவரும் ரியூ என்ற வீரனைத்தான் எடுத்திருக்கிறார்கள். தம்பி கதிரின் ரியூ தரையில் கிடக்கிறான்.)

கதிர்: இது அநியாயம் அக்கா. ரவுண்டு முழுக்க முன்னும் பின்னும் நடக்கத்தானே செய்தாய்? அதற்கு எதற்கு வெற்றி?

மீனா: நடந்தே உன் லைஃப் பாரைக் காலி செய்தேனா?

கதிர்: நான் போட்ட ஸ்வீப் பட்டிருக்க வேண்டும். நீ என் கால் எட்டும் தூரத்தில்தான் நின்றாய். என் கண்ணால் பார்த்தேன்.

மீனா: நின்றேன். நீ பட்டனை அமுக்கும்போது அங்கே இல்லை. உன் கால் நீண்டு தரையைப் பெருக்கிவிட்டுத் திரும்ப மடங்குவதற்குள் எனக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது.

கதிர்: நான் ஸ்வீப் போடப்போவது உனக்கு எப்படித் தெரியும்?

மீனா: போட வைத்ததே நான்தானே. முதலில் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டுப் போனேன், சும்மா இருந்தாய். மறுபடி வந்தேன், உன் கை துறுதுறுத்தது. அப்புறம் வருவதுபோல் வந்தேன்.

கதிர்: வரவில்லை.

மீனா: வரவில்லை. நீதான் வந்தாய், காலை நீட்டிக்கொண்டு.

கதிர்: சரி, இனி ஒன்றையும் அமுக்க மாட்டேன். குனிந்து பிளாக் செய்துகொண்டு கல் மாதிரி இருப்பேன். என்ன செய்வாய்?

(அக்காவின் ரியூ நேராக நடந்துபோய்க் கல்லைத் தூக்கிப் போடுகிறான்.)

மீனா: பிளாக் செய்கிறவனுக்காகத்தான் த்ரோவே இருக்கிறது.

கதிர்: நீ பிடிக்க வருவதைப் பார்த்ததும் தப்பித்துவிட்டால்?

மீனா: திரையில் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. த்ரோ 5 ஃபிரேமில் பிடித்துவிடும். மனுஷன் ஒன்றைப் பார்த்து விரலை அசைக்கவே சுமார் 15 ஃபிரேம் ஆகும். உனக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்.

கதிர்: அப்படியென்றால் பார்க்கவே மாட்டேன். நீ பக்கத்தில் வந்தாலே நானும் த்ரோ அமுக்குவேன். இருவரும் அமுக்கினால் பிடி விட்டுப்போகும். ட்ரெயினிங் மோடில் பழகியிருக்கிறேன்.

மீனா: நல்ல பழக்கம். விட்டுவிடாதே.

(அக்காவின் ரியூ ஒட்டி வருகிறான். தம்பியின் ரியூ ஆசையாகக் கையை நீட்டிக் காற்றைப் பிடிக்கிறான். அக்காவின் ரியூ ஓர் எட்டு பின்னால் நிற்கிறான். அதற்குப்பின் அடிமேல் அடியாக வந்த காம்போவை விவரித்தால் தம்பி வருத்தப்படுவான்.)

கதிர்: நான் யாரைப் பிடித்தேன்?

மீனா: யாரையும் இல்லை. இதற்கு ஷிம்மி என்று பெயர்.

கதிர்: பெயர் வைத்துவிட்டால் நியாயமாகிவிடுமா? போன தடவைகூட குதித்து வந்தாய். குதித்து அடித்தால் நின்றுதான் பிளாக் செய்ய வேண்டும் என்று எழுந்து நின்றேன். அடிக்காமல் இறங்கி, காலைத் தட்டிவிட்டாய்!

மீனா: நீ எழுந்து நிற்பாய் என்பதற்காகத்தானே குதித்ததே. அடிப்பதற்கு யார் குதித்தது?

கதிர்: எனக்குக் கை வேகம் போதவில்லை, அவ்வளவுதான். 2004 ஈவோ போட்டியில் டைகோ உமேஹாரா கென் என்ற வீரனை வைத்துக்கொண்டு, ஜஸ்டின் வோங்கின் சுன்-லி சரமாரியாக அடித்த சூப்பர் முழுவதையும் பாரி செய்தாரே, ஒவ்வோர் அடியையும் படுகிற நொடியில் தட்டிவிட்டு! அந்த வேகம் வந்தால் உன்னை ஒரு கை பார்ப்பேன்.

மீனா: அது வேகம் மட்டும் இல்லைடா. பார்த்தபிறகு முதல் அடியைப் பாரி செய்ய நேரம் கிடையாது. இப்போது போடுவார் என்று முன்பே நினைத்திருக்க வேண்டும். டைகோவுக்கு உயிர் ஒரு துளிதான் பாக்கி. சூப்பரை பிளாக் செய்தாலும் கொஞ்சம் உயிர் போகும், அதனால் பிளாக் செய்திருந்தாலும் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த நிலைமையில் எதிரில் இருப்பவருக்கு சூப்பர் போட ஆசை வருமா வராதா?

கதிர்: எனக்கும் உயிர் ஒரு துளிதான் பாக்கி இருக்கிறது.

மீனா: உனக்கு அது ரவுண்டு ஆரம்பித்ததுமே வந்துவிடுகிறது.

(கதிர் கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பட்டன்களையும் அமுக்குகிறான். அக்காவின் ரியூ முன்னால் போகிறான், பின்னால் போகிறான், ஓர் அழகான பாசாங்கோடு மறுபடி முன்னால் போகிறான். தம்பியின் ரியூ எகிறிக் குத்தும் ஷோரியூக்கென். திரும்ப ஷோரியூக்கென். எதற்கென்றே தெரியாத ஒரு ஸ்வீப். அக்காவின் ரியூ விழுகிறான்.)

மீனா: டேய், நான் பின்வாங்கினேனே, பார்க்கவில்லையா?

கதிர்: எப்போது?

மீனா: ஏமாற்றுவதற்கு நீ பார்க்கவாவது வேண்டாமா?

கதிர்: ஜெயித்துவிட்டேனா? அக்கா, நான் ஜெயித்துவிட்டேன்!

(மீனா கொஞ்ச நேரம் திரையையே பார்க்கிறாள். பிறகு குரலில் மரியாதை வருகிறது. இந்த மரியாதையைக் கதிர் சந்தேகப்பட்டிருக்கலாம்.)

மீனா: எனக்கென்னவோ இது அதிர்ஷ்டமாகத் தெரியவில்லை. என் நடையை நீ கண்டுபிடித்துவிட்டாய்.

கதிர்: அப்படியா?

மீனா: பின்னே? சரியாக நான் உள்ளே வரும் நேரத்தில் ஷோரியூக்கென் போட்டாயே. எப்படிடா?

கதிர்: அது வந்து... நீ இரண்டு எட்டு வருவாய், ஓர் எட்டு பின்னால் போவாய். நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

மீனா: அதானே பார்த்தேன். சரி, இன்னொரு ரவுண்டு போடலாமா? இந்த முறையும் அதே மாதிரி நன்றாகக் கவனி.

கதிர்: கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேன் அக்கா!