திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாரு பண்டாரம், நான் பாத்துட்டேன்

கொஞ்சம் நீளமா போகும். பொறுமை இருக்கறவங்க படிங்க, பாதியில ஓடிடாதீங்க.

மூனு மாசத்துக்கு முன்னால எங்க பாட்டி தவறிட்டாங்க, 84 வயசு, நல்ல சாவுதான். மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்து பந்திங் பக்கத்து தோட்டத்துலதான் வாழ்க்க முழுக்க, மொதல்ல கித்தா மரம் (ரப்பர்) வெட்டுனாங்க, அப்புறம் மரத்தெல்லாம் சாச்சுட்டு செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டதும் உரம் போட்டாங்க, கீழ கொட்டிக் கிடக்கற உதிரிப் பழம் பொறுக்குனாங்க. கடல பாத்தது மொத்தமா ஒரு நாலஞ்சு தடவ இருக்கும், அதுவும் தோட்டத்து லோரியில ஏத்தி மோரிப்புக்கு கூட்டிட்டு போனப்ப. அந்த மோரிப்புக்குத்தான் சாம்பலயும் கொண்டு போனோம்.

மோரிப் தெரியாதவங்களுக்கு சொல்றேன், படத்துல காட்டுற வெள்ள மணலு நீலத் தண்ணி எல்லாம் கிடையாது. தண்ணி வத்துனா கண்ணுக்கெட்டுன தூரம் சேறுதான். 1945ல ஜப்பான்காரன் சரணடைஞ்சதும் பிரிட்டிஷ் பட்டாளம் இங்கதான் எறங்குச்சு, அவனுங்க வண்டிங்களே இந்தச் சேத்துல மாட்டிக்கிச்சு. அதனால தண்ணி ஏர்ற நேரம் பாத்துதான் போகணும், சடங்கு செஞ்சு வைக்கிற பண்டாரம் காலையிலயே போன் அடிச்சு நேரம் சொல்லிட்டாரு.

பெரியப்பா இடுப்பளவு தண்ணியில நின்னு கலயத்த தோளுக்கு பின்னால விட்டாரு, மூனு முங்கு முங்குனாரு. நான் பின்னால மிச்ச சாமான் பைய புடிச்சிக்கிட்டு நிக்கறேன். பண்டாரம் என்னய பாத்து, "தம்பி, அந்த மால, பூவு, மிச்சம் எல்லாத்தயும் விட்ருங்க, வீட்டுக்கு எடுத்துட்டு போகக் கூடாது, விட்டுட்டு திரும்பிப் பாக்காம மேல வாங்க"ன்னாரு. நானும் பையோட அப்படியே விட்டுட்டேன். சரின்னு நடந்தவன் சும்மா இருக்காம திரும்பிப் பாத்துட்டேன்.

கலயம் முங்கிடுச்சு. பை முங்கல. வெள்ள பை, உள்ள காத்து புடிச்சு பலூன் மாதிரி உப்பி, அல மேல ஏறி எறங்கி ஆடிக்கிட்டு இருக்கு. மேல இருந்த முடிச்சுகூட தெரியுது. அந்த முடிச்சு நான் போட்டது.

இங்கதான் ஒரு விசயம் சொல்லணும். நான் வேல செய்றது கடைத்தெருவுல ஒரு பூச சாமான் கடையில. கருமாதி செட்டுன்னு ஒன்னு விப்போம், யாராச்சும் தவறிட்டா வீட்டுல அலையாம ஒரே வாங்கா வாங்கிட்டு போறதுக்கு. அத கட்டுறது நான்தான். மஞ்சள் ஒரு சின்ன பிளாஸ்டிக்ல, குங்குமம் ஒன்னுல, திருநீறு ஒன்னுல, எள்ளு, பச்சரிசி, சூடம், ஊதுபத்தி, சந்தனம், நூலு, பாக்கு, சாம்பிராணி, எல்லாம் தனித்தனி பாக்கெட்டு, மேல ஒரு பெரிய பை. எண்ணிப் பாத்தா ஒரு சாவுக்கு பன்னெண்டு பிளாஸ்டிக். பாட்டிக்கும் நானே கட்டி, நானே கொண்டு போயி, நானே கடல்ல போட்டேன். இத்தன வருசத்துல எத்தன செட் கட்டிருப்பேன்னு கணக்கு பாக்க வேண்டாம்னு விட்டுட்டேன், தூக்கம் வராது.

இப்ப இத எழுதுனா சில பேரு உடனே வருவாங்க, சாமி காரியத்துல கை வைக்காதன்னு. ஐயா, நான் சாம்பலயும் கலயத்தயும் சொல்லல. கலயம் மண்ணு, ஒடஞ்சு மண்ணோட மண்ணா கெடக்கும். துணி பருத்தின்னா மக்கிடும். பூவு, அரிசி, எள்ளு எல்லாத்தயும் மீனு தின்னும். நம்ம பாட்டன் பூட்டன் கடல்ல விட்டது எல்லாமே கடலு செரிக்கிற சாமான்தான், அதுக்குதான் அந்த சடங்கு. நாமதான் நடுவுல பிளாஸ்டிக்க சொருகிட்டு, அதே சடங்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். மாலயகூட பாருங்க, நடுவுல ஜிகினா, கீழ பிளாஸ்டிக் குஞ்சம், கோத்தது நைலான் நூலு. பூவு ரெண்டு நாள்ல அழுகிடும், நூலு ஆமை கழுத்துக்கு.

ஆமைன்னதும் ஞாபகம் வருது, பாக்கெட்டுல இருவது வெள்ளி (ரிங்கிட்) நோட்டு இருந்தா எடுத்து பின்னால பாருங்க, ரெண்டு வக ஆமை இருக்கும். அதுல ஒன்னு தோல்முதுகு ஆமை, ஒரு காலத்துல திரங்கானு கடற்கரையில ஆயிரக்கணக்குல ஏறி வந்து முட்ட போட்டது, இப்ப அபூர்வம். அதுக்கு முக்கிய காரணம் நாம முட்டய தோண்டி தின்னது, மீன் வலையில மாட்டுனது, அத பிளாஸ்டிக் மேல மட்டும் போட முடியாது. ஆனா அந்த ஆமைக்கு முக்கியமான சாப்பாடு சொறிமீனு, ஜெல்லி மீனும்பாங்களே அது. தண்ணியில மெதக்குற பிளாஸ்டிக் பை எப்பிடி இருக்கும்னு நான் மோரிப்ல நேருல பாத்தேன், அச்சு அசலா சொறிமீன்தான். இன்னொன்னு, ஆமையோட தொண்டக்குள்ள முள்ளு முள்ளா சதை இருக்கும், எல்லாம் வயித்துப் பக்கம் பாத்து சாஞ்சு இருக்கும், வழுக்குற சொறிமீனு வெளிய நழுவாம இருக்கறதுக்கு. கடவுள் படச்சது சொறிமீனுக்காக, பை உள்ள போனாலும் அதே கததான், வெளிய துப்ப முடியாது. வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும், பட்டினியில சாவும்.

பார்வ மட்டும் இல்ல, வாசனயும் ஏமாத்துது. பிளாஸ்டிக்கு கடல்ல கொஞ்ச நாளு கெடந்து பாசி புடிச்சா, எர இருக்கற எடத்துல வர்ற அதே வாசன வருமாம், கடல் பறவைங்க அத மோந்துதான் தேடிப் போகுதுன்னு 2016ல கண்டுபுடிச்சாங்க, ஆமையும் அப்பிடித்தான்னு 2020ல. நம்ம வீட்டு பூனைக்கு கருவாட்டு வாசன காட்டி எலி மருந்து வைக்கிற மாதிரி.

இது எங்கயோ அமெரிக்காவுல நடக்குதுன்னு நெனைக்காதீங்க. 2018ல நம்ம எல்லைய தாண்டுனா வர்ற தாய்லாந்து சொங்க்லாவுல ஒரு பைலட் திமிங்கிலம் வாய்க்காலுக்குள்ள வந்து மாட்டிக்கிச்சு. நாள் கணக்குல காப்பாத்தப் பாத்தாங்க, அஞ்சு பைய வாந்தி எடுத்துச்சு, அப்புறம் செத்துடுச்சு. அறுத்துப் பாத்தா வயித்துல 80 பைக்கு மேல, 8 கிலோ. மறு வருசம் அந்தப் பக்கம் அந்தமான் கடலோரத்துல மரியம்னு பேரு வச்சு ஒரு ஆவுளியா குட்டிய, கடல் பசும்பாங்களே, அத பால் குடுத்து வளத்தாங்க. தாய்லாந்தே அத செல்லம் கொஞ்சுச்சு, நம்ம ஆளுங்ககூட வீடியோ ஷேர் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஆகஸ்ட் மாசம் செத்துடுச்சு, கொடல்ல பிளாஸ்டிக் துண்டு அடச்சு சீழ் வச்சிருந்துச்சு. அந்தத் தண்ணிதான் எறங்கி நம்ம மலாக்கா நீரிணைக்கு வருது, இங்கேருந்து அங்கயும் போகுது. கடலுக்கு பாஸ்போட் இல்ல.

சரி, நீ கடல்ல போட்ட, நாங்க போடலயேன்னு கேப்பீங்க. போடறீங்க. சனிக்கிழம பாசார் மாலாம் (ராத்திரி சந்த) முடிஞ்சு பதினோரு மணிக்கு ஒரு தடவ நடந்து பாருங்க. தே ஐஸ் (ஐஸ் டீ) கட்டிக் குடுக்கற பை, அந்த செகப்பு கயிறு, ஸ்ட்ரா, சாத்தே குச்சி, போலிஸ்டிரின் டப்பா. பாதி குப்பத்தொட்டியில, பாதி லோங்காங்குல (ரோட்டோர சாக்கடையில). ராத்திரி ஒரு மழ, நம்ம ஊரு மழய பத்தி சொல்லவே வேணாம், காலையில லோங்காங் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருக்கும், முனிசிபல் ஆளு வேல செஞ்சிட்டான்னு நெனைப்போம். மழதான் செஞ்சுச்சு. லோங்காங் வாய்க்காலுக்கு, வாய்க்கால் லங்காட் ஆத்துக்கு, ஆறு ஜுக்ரா பக்கம் கடலுக்கு. கடலுக்கும் உங்க வீட்டு வாசலுக்கும் நடுவுல இருக்கறது ஒரு மழதான்.

2021ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, உலகத்துல ஆத்து வழியா கடலுக்கு போற பிளாஸ்டிக்ல 80 விழுக்காடு ஆயிரத்துச் சொச்சம் ஆத்துலேருந்துதான் போகுதாம். அதுல பெரிய பெரிய ஆறுங்கள விட ஊருக்குள்ள ஓடற சின்ன ஆறுங்கதான் மோசம். நாட்டுக் கணக்குல மொதல்ல பிலிப்பீன்ஸ், அடுத்து இந்தியா, மூனாவது நாம. மலேசியா! இந்தியாவுல எத்தன கோடி சனம், நாம எத்தன பேரு, அவங்களுக்கு அடுத்து நாம நிக்கறோம். கிள்ளான் ஆத்துல 2019லேருந்து குப்ப வாரி எடுக்கற மெஷின் படகு ஒன்னு நிக்குது, நல்ல விசயம்தான், ஆனா வீட்டுல கொழாய தொறந்து விட்டுட்டு மாப்பு போடற கததான் அது.

இன்னொரு பக்கத்தயும் சொல்லணும், இல்லன்னா ஏழபாழைங்களயே திட்டுற மாதிரி ஆயிடும். பந்திங் பக்கத்து ஜெஞ்சாரோம்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு தெரியும். 2018 சனவரியில சீனா இனிமே வெளிநாட்டு பிளாஸ்டிக் குப்ப வேணாம்னு கதவ சாத்துனுச்சு, அதுல நெறைய நம்ம பக்கம் திரும்பிடுச்சு. செம்பனைத் தோட்டத்து ஓரமா லைசென்ஸ் இல்லாத பேக்டரி, ராத்திரியில எரிப்பாங்க, சன்னல சாத்துனாலும் அந்த கருகுன வாட உள்ள வரும். எங்க அத்த வீட்டுக்கு போனா பேரப்பிள்ளைங்க இருமிக்கிட்டே கெடக்கும். ஊரு சனம் கத்தி, மனு குடுத்து, அப்புறம்தான் இழுத்து மூடுனாங்க. 2020 சனவரியில 150 கொந்தேனா (கன்டெய்னர்) குப்பய 13 நாட்டுக்கு திருப்பி அனுப்பிட்டோம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு. அன்னிக்கி எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. வெள்ளக்காரன் காலையில தயிரு தின்னுட்டு கழுவி ரீசைக்கிள் தொட்டியில போட்டுட்டு, நல்லது செஞ்சிட்டோம்னு தூங்கப் போயிருப்பான், அந்த டப்பா இங்க வந்து எங்க அத்த பேரன் மூக்குல பொகையா போகுது. அவனும் திரும்பிப் பாக்கல, அவ்ளோதான் எனக்கும் அவனுக்கும் வித்தியாசம், அவன் தூரம் கொஞ்சம் கூட.

நம்மள்ல முக்காவாசி பேரு மனசுல இருக்கறது இந்த ஒன்னுதான்னு எனக்கு தோனுது. கடல்ல விட்டா போயிடும். எங்க போகும்? வெயில்ல காஞ்சு, அலையில அடிபட்டு நொறுங்கும், அரிசி அளவு, எள்ளு அளவு, அப்புறம் கண்ணுக்கே தெரியாது. இல்லாம போகல, சின்னதா போச்சு. இந்த சேத்துக் கரையில வளர்ற கெராங் (சிப்பி) இருக்கே, அது தண்ணிய உறிஞ்சி வடிகட்டித்தான் சாப்புடும், தண்ணியில உள்ள பொடி எல்லாம் அது உள்ள போகும். மீனுக்காச்சும் கொடல எடுத்து வீசிட்டு கொழம்பு வைக்கிறோம், கெராங்க முழுசாத்தான திங்கறோம். 2022ல நெதர்லாந்துல 22 பேரு ரத்தத்த சோதிச்சதுல 17 பேருக்கு பிளாஸ்டிக் பொடி இருந்துச்சு. அதனால என்னென்ன வியாதி வரும்னு டாக்டருங்களே இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க, பயமுறுத்த நான் வரல. ஆனா பாட்டிக்கு நான் போட்ட முடிச்சு என்னிக்கோ ஒரு நாளு என் தட்டுக்கு வரும்னு நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

கருமாதி முடிஞ்ச மறுவாரம் மறுபடியும் மோரிப் போனேன், யார்ட்டயும் சொல்லல. தண்ணி வத்தியிருந்த நேரம். என் பை கெடைக்கல, கெடைக்கும்னு போகவும் இல்ல. ஆனா கல்லு சந்துல, சேத்துல, அந்த மாதிரி முடிச்சு போட்ட பைங்க கெடந்துச்சு. ஒன்ன பிரிச்சுப் பாத்தேன், உள்ள மஞ்சள் பாக்கெட்டு பிரிக்காம அப்பிடியே இருக்கு, கடல் தண்ணிகூட உள்ள போகல. யாரோட அம்மாவோ அப்பாவோ. எங்க கட பாக்கெட்டா வேற கட பாக்கெட்டான்னு தெரியல.

பண்டாரத்துக்கு போன் போட்டேன். கோவப்படுவாருன்னு நெனச்சேன். "தம்பி, விடச் சொன்னது பூவயும் பொருளயும்தான், பைய யாரு விடச் சொன்னா, நீங்கல்லாம் அவசரத்துல அப்பிடியே விட்டுட்டு ஓடுனா நான் என்ன செய்ய"ன்னாரு. நியாயம்தான். ஆனா தண்ணியில நிக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "இனிமே சொல்றேன்"னாரு.

அடுத்து மொதலாளி. அவரு நல்ல மனுசன்தான், ஆனா கல்லாவுல கை வச்சா மட்டும் மனுசன் மாறிடுவாரு. சிலாங்கூர்ல பைக்கு இருவது காசு வாங்கறது 2017ல வந்துச்சு, அந்த இருவது காசு கணக்க ஒரு நாளும் மறந்ததில்ல அவரு. "பொட்டலம் மடிக்க ஆளு வேணும், நேரம் ஆவும்"னாரு. நான் மடிக்கிறேன்னேன். எங்க தாத்தா காலத்துல தோட்டத்து கடையில எல்லாம் பொட்டலம்தான், தாள கூம்பு மாதிரி சுருட்டி, மேல மடிச்சு, சணல்ல ஒரு சுத்து. சின்ன வயசுல பாத்தது, கை மறந்துடுச்சு, மொத நாளு கட்டுனதுல திருநீறு பூரா மேசையில கொட்டிடுச்சு, மொதலாளி பாத்துக்கிட்டே இருந்தாரு. இப்ப பரவால்ல. சூடம் மட்டும் தாள்ல வச்சா காத்துல கரையுது, அதுக்கு என்ன செய்றதுன்னு இன்னும் தெரியல, இப்போதைக்கு பிளாஸ்டிக்தான். யாருக்காச்சும் நல்ல வழி தெரிஞ்சா கீழ எழுதுங்க, வாழ மட்ட, பாக்கு மட்ட எதுன்னாலும் சரி. பூக்கடைக்காரங்க யாராச்சும் இத படிச்சா, பருத்தி நூல்ல, வாழ நாருல மால கட்டித் தர முடியுமா, வெல எவ்ளோ ஆகும்னும் சொல்லுங்க.

போன வாரத்துலேருந்து ஏழு செட் தாள்ல கட்டி குடுத்திருக்கேன். பையும் துணிப்பைதான், மஞ்சப்பை மாதிரி, அத தண்ணியில விடாம வீட்டுக்கு எடுத்துட்டு போயி தொவச்சுக்கங்கன்னு வாயால சொல்லித்தான் அனுப்பறேன். அஞ்சு பேரு ஒன்னும் சொல்லல. ஒரு அக்கா, "என்னா தம்பி, உங்க கடையில இவ்ளோ கஞ்சத்தனமா"ன்னு கேட்டாங்க. இன்னொருத்தரு பாதி வழியில திரும்பி வந்து, காடிய (கார) ஆப் பண்ணாமலே சன்னல எறக்கி, இதெல்லாம் கொட்டிடும்பா, ஒரு பிளாஸ்டிக் பை குடுன்னாரு. குடுத்துட்டேன். அப்பா செத்துப் போயி வந்து நிக்கற மனுசன்கிட்ட என்னத்த பேச.