ஒரு நாள் பொறுத்திருக்கலாம்

சனிக்கிழமை காலை முள்ளியவளையில் கடைத்தொகுதி கட்டுவதற்காக அந்தப் பழைய வீட்டை இடித்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். அதை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. நான் படலையடியில் நின்றேன். விறாந்தைத் தூண் விழும்வரை நின்றேன், பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாட்களாக எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த வீடியோவின் கீழே "முள்ளியவளைக்கு விடிவு பிறக்கிறது" என்று ஒருவர் எழுதியதையும், அதைப் பலர் கொண்டாடுவதையும் பார்த்த பிறகு வாய் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் கடைத்தொகுதிக்கு எதிரானவள் அல்ல. கட்டட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் அந்த வீட்டை இடிக்காமலே அதைக் கட்டியிருக்கலாம். வளவு முக்கால் ஏக்கர். வீதிப் பக்கம் நான்கு தென்னைகளையும் ஒரு மாமரத்தையும் தவிர எதுவும் இல்லை. வீடு நின்றது பின்பக்கத்தில். முன்னால் கடை, பின்னால் வீடு என்று ஒரு கோடு போட்டுப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லையா? ஊரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

"பாழடைந்த வீடு, பாம்பு குடியிருந்த வீடு" என்கிறார்கள். போரில் நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் ஓடுகள் போய்விட்டன, உண்மைதான். யன்னல்களும் போய்விட்டன. ஆனால் சுவர்கள் நின்றன. ஒன்றரை அடி தடித்த செங்கல், சுண்ணாம்புச் சாந்து. இரண்டு அறைகளுக்கு மேலே முதிரை மரத் தீராந்திகள் அப்படியே இருந்தன. மழையிலும் வெயிலிலும் கிடந்தும் கறையான் தொடாத மரம். சாமியறைச் சுவர் ஒன்றை விழுத்தவே பெக்கோ இயந்திரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பாழடைந்த சுவரா அப்படி நிற்கும்? ஷெல்லடியில் விழாத சுவர் அது. அதை நாமே விழுத்தியிருக்கிறோம்.

அது யாருடைய வீடு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். கள்ளப்பாட்டிலிருந்தும் கரையோரத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் உடுத்த துணியோடு வந்த சனத்துக்கு, அங்கே தனியாக இருந்த பெரியம்மா படலையைத் திறந்துவிட்டார். மூன்று கிழமை. விறாந்தையிலும் அறைகளிலும் கால் வைக்க இடமில்லை. என் அம்மா பின்வளவில் கஞ்சி காய்ச்சினார். எனக்கு அப்போது பதினேழு வயது. ஒரு சின்னப் பிள்ளையின் தலைமுடிக்குள் இருந்த கடல் மண்ணை மூன்று நாட்களாக வாரி எடுத்தேன். வாரும்போதெல்லாம் அவள் ஒன்றும் பேசவில்லை. வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குக் காட்டா விநாயகர் கோவிலில் உப்பு நீரில் விளக்கெரியும் நாட்களில், நடந்து வருகிறவர்களுக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தது அந்த விறாந்தையில்தான். எத்தனை வருடம் என்று பெரியம்மாவுக்கே கணக்கில்லை.

"அவருடைய காணி, அவருடைய உரிமை" என்பவர்களுக்கு: உரிமையை நான் மறுக்கவில்லை. பெரியம்மாவின் பிள்ளைதான் உரிமையாளர்; வெளிநாட்டில் இருக்கும் அவருக்கு இரண்டு முறை எழுதினேன். "தங்கச்சி, அந்த வீட்டை நினைத்தால் அம்மா அங்கே தனியாக இருந்ததுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது" என்று ஒரு முறை பதில் வந்தது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் இடிக்கும் நாளையாவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

"கொட்டிலில் கிடந்தவனுக்குத்தான் வீட்டின் அருமை தெரியும், உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாங்கள் எங்கே கிடந்தோம் என்று அவர் நினைக்கிறார்? 2008இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் முன்கதவை நிலையோடு கழற்றி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். சுதந்திரபுரம் வரை கொண்டுபோனோம். இரணைப்பாலையில் அதை வைத்துவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது பாதிச் சுவர் நின்றது. தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபாய் பகுதி பகுதியாக வந்தது. காசு போதவில்லை. அப்பா தானே அலவாங்கு எடுத்து, தான் கட்டிய சுவரை உடைத்துப் புது வீட்டின் அத்திவாரத்துக்குள் போட்டார். அன்று அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இவர்களுக்கு இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இவர்களுக்கு வழி இருந்தது.

எல்லாவற்றிலும் என்னைச் சுட்டது இன்னொரு வார்த்தை. "இது என்ன யாழ்ப்பாணத்து நாற்சார வீடா? வன்னியில் பாதுகாக்க என்ன இருக்கிறது?" இதை எழுதியதும் வன்னியில் பிறந்தவர்தான். வன்னியில் பெரும்பாலும் மண்ணும் கிடுகும். அவை தாமாகவே மண்ணோடு போயின. கல்லாக இருந்ததில் பெரும்பகுதி போரில் போயிற்று. மிஞ்சியதை விரல் விட்டு எண்ணலாம் என்றால், அதற்குத்தானே கூடுதல் மதிப்பு? கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தோம் என்று வெள்ளைக்காரன் கல் நட்டான். எங்களை வென்றதாக அவன் எழுதிய இடத்துக்கே நாம் மாலை கொண்டுபோகிறோம். கடல் அடித்த சனத்தைத் தாங்கிய வீட்டுக்கு ஒரு கல் வேண்டாம், ஒரு நாள் தவணை கொடுக்க முடியவில்லை. குருந்தூர்மலையில் விகாரை கட்டும் பிரச்சினை வந்தபோது எங்கள் மண், எங்கள் அடையாளம் என்று பதாகை பிடித்தோம். நானும் பிடித்தேன். அடையாளத்தை மற்றவன் தொட்டால் மட்டும்தான் வலிக்க வேண்டுமா?

"ரீச்சர் அரசாங்கச் சம்பளம் எடுத்துக்கொண்டு பழம்பெருமை பேசுகிறார்" என்று எழுதியவன் என் வகுப்பில் இருந்த பிள்ளை. அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. மூன்று நாட்களாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி, அந்த மூன்று கிழமையும் உன் அம்மா அந்த வீட்டின் சாமியறையில் படுத்திருந்தவர். நீ அப்போது பிறக்கவில்லை. இதை உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வகுப்பில் ஐந்து வருடம் உன் முன்னால் நின்ற நானும் சொல்லவில்லை.

தீராந்திகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிணறு இன்னும் திறந்தபடி இருக்கிறது. அதை மூட வியாழக்கிழமை மண் வருகிறதாம். சித்திரை வெயிலிலும் வற்றாத கிணறு. அதையாவது விட்டுவையுங்கள் என்று இன்று காலை உரிமையாளருக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. பொங்கல் காலத்தில் அந்த விறாந்தைக்கு முன்னால் நின்று படம் எடுத்தவர்கள், கலியாண ஊர்வலம் போனவர்கள், சுனாமி நேரத்தில் அங்கே இருந்தவர்கள் யாரிடமாவது அந்த வீடு பின்னால் தெரியும் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் கடைசிப் போரில் மாத்தளனில் போய்விட்டன.