கடேட் பூட்ஸும் கடைசிப் பேருந்தும்

மலேசியப் பள்ளிகளில் சாரணர், கடேட் போன்ற சீருடை இயக்கங்களில் சேர்ந்தால் பிள்ளையின் படிப்பு கெடும் என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். நானும் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பையன்தான். இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-இல், பிகேபிஎம் என்ற மாணவர் படையின் தரைப்படை கடேட்டில் சேர்ந்தேன். கடற்படை, வான்படைப் பிரிவுகளும் பிகேபிஎம்மில் உண்டு, எங்கள் பள்ளியில் இல்லை.

படிப்பெல்லாம் கெடவில்லை. சிரமம் வேறு. புதன்கிழமை மத்தியானம் கவாத்து, அதாவது அணிநடைப் பயிற்சி. அது முடிவதற்குள் தோட்டத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும். அப்பா பால் மரம் சீவிவிட்டு வந்து, மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவார். பூட்ஸ், பெரெட் என்ற வட்டத் தொப்பி, சீருடை என்று செலவும் இருக்கிறது. சீனியர் ஒருவரின் பழைய பூட்ஸைத்தான் நான் போட்டேன், ஒரு சைஸ் பெரிது. முனையில் பஞ்சு அடைத்து நடந்தேன்! பெரெட்டை வெந்நீரில் நனைத்து, தலையில் வைத்தே காய வைத்து வடிவம் கொண்டு வந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு மலாயில் வாய் திறக்கவே கூச்சம். "செடியா!" (மலாயில் 'நேராக நில்!') என்று முப்பது பேருக்குக் கட்டளை போட்ட பிறகு அது போய்விட்டது.

அப்புறம், கடேட்டில் சேர்ந்தால் ராணுவத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பயப்பட வேண்டாம், அப்படிக் கட்டாயம் இல்லை. அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு, அதாவது இது போன்ற வகுப்புக்கு வெளியே நடக்கும் நடவடிக்கைகளுக்கு, 10 விழுக்காடு மதிப்பெண் இருப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எப்படியும் ஏதாவது ஒரு சீருடை இயக்கத்தில் பெயர் கொடுக்கத்தானே வேண்டும்? பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று கேளுங்கள், திரும்பி வர வண்டிக்கும் முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.