"அரசியல் பேசாதீர்கள்" என்னும் அட்மின்களுக்கு

சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப், முகநூல் குழுக்கள் பலவற்றில் முதல் விதியே "இங்கே அரசியல் வேண்டாம்" என்பதுதான். ஆனால் தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்துவிட்டால் அதே குழுக்களில் கூட்டணிக் கணக்கு விடிய விடிய நடக்கும். எந்த அட்மினும் தடுப்பதில்லை. பல எம்.பி.க்களைக் கூட்டாகத் தேர்ந்தெடுக்கும் நம் குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யார் யார் என்று கேளுங்கள், பலர் விழிப்பார்கள். கடல் கடந்த அரசியல் பொழுதுபோக்காம்; உள்ளூர் அரசியல் மட்டும்தான் வம்பாம்!

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் அது பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. சமய ஊர்வலங்களில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் தடை. நாற்பது ஆண்டுகள் வீட்டுக் கூடத்திலும் கோயில் வாசலிலும் முணுமுணுத்ததுதான் மிச்சம். 2015 ஊர்வலத்தில் மேளத்தை ஒட்டித் தகராறாகி மூவர் கைதானபோது, அந்த முணுமுணுப்பு முகநூலில் ஊரறியக் கேட்டது. விடுமுறை கேட்டார்கள், உறுமி கேட்டார்கள். சிலர் வரம்பு மீறியும் எழுதினார்கள், மறுக்கவில்லை. அரசாங்கம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மறு ஆண்டே ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. முகநூல் மட்டுமே சாதித்தது என்று பெருமை பேசமாட்டேன். ஊர்வலத்தை நடத்தும் இந்து அறக்கட்டளை வாரியம் பக்தர்களிடம் கருத்துக் கேட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் இத்தனை பேர் பகிரங்கமாகக் கேட்காமல் அந்த அவசரம் எங்கிருந்து வந்திருக்கும்? விடுமுறை இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அட்மின்களின் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. 2019இல் இணையப் பொய்ச்செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம் வந்தது. அது பொய்யான தகவலுக்கான சட்டம், கருத்துக்கானது அல்ல என்று அரசாங்கமே பிரித்துச் சொல்கிறது. இருந்தும் கருத்துச் சொல்பவர்தான் முதலில் வாயை மூடிக்கொள்கிறார். நம் குழுக்களில் வேலை அனுமதியில் வந்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். தேர்தல் பிரசாரத்தில் வெளிநாட்டவர் ஈடுபடக்கூடாது. 2025 தேர்தலின்போது வெளிநாட்டவர் சிலரின் பதிவுகளை முடக்கும்படி முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவே போனது. ஆகவே கவனம் தேவைதான். கவனம் என்பது வாய்ப்பூட்டு அல்லவே.

2020 தேர்தலில் கொவிட் காரணமாகத் திடல் கூட்டங்களே இல்லை. பிரசாரம் பெரும்பாலும் திரையில்தான் நடந்தது. அப்போதும் நம் குழுக்களில் பிரியாணிச் செய்முறைதான் ஓடியது.

பொய்யை நீக்குங்கள், இனத்தைப் பழிப்பவரை நீக்குங்கள், தேர்தல் காலத்தில் வெளிநாட்டு உறுப்பினர்களுக்குச் சட்டத்தை நினைவூட்டுங்கள். குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்பவரை மட்டும் குழுவிலிருந்து தூக்காதீர்கள்.